திருகோணமலையில் வலசைப் பறவைகளையும் பூச்சிகளையும் பார்ப்பது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

வலசை வரும் பறவைகள் என்றதும் நம்மவர்களுக்கு மன்னாரும் குமணவும்தான் நினைவுக்கு வரும். திருகோணமலை என்றால் கோணேசர் கோவில், நிலாவெளிக் கடற்கரை, திமிங்கிலம் என்று பேச்சு வேறு பக்கம் போய்விடும். ஆனால் கொட்டியாபுரக் குடா, அதைச் சுற்றியுள்ள களப்புகள், மகாவலி கடலில் சேரும் முகத்துவாரங்கள், கந்தளாய்க் குளம், தம்பலகாமத்து வயல்கள் எல்லாம் ஒரே மாவட்டத்துக்குள் இருக்கின்றன. ஓகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் முடியும்வரை இவற்றில் ஏதோ ஒன்றில் விருந்தாளிகள் இருந்துகொண்டே இருப்பார்கள். எந்த நேரத்தில் எங்கே போய் நிற்க வேண்டும் என்று தெரியாததால்தான் பலர் ஏமாந்து திரும்புகிறார்கள்.

அதற்கு நான் சொல்லும் வழி, திகதியைப் பார்ப்பதற்கு முன் காற்றையும் தண்ணீரையும் பாருங்கள் என்பதுதான். இந்த வழிகாட்டி முழுவதும் அதைத்தான் சுற்றி வரும்.

படி 1: காற்றிலிருந்து தொடங்குங்கள்

மே மாதம் தொட்டு செப்டெம்பர் வரை இங்கே கச்சான் அடிக்கும். தரைப்பக்கமிருந்து வரும் உலர்ந்த, சூடான காற்று. கடல் ஓரளவு அடங்கியிருப்பதால் நீர்கொழும்பு, சிலாபம் பக்கமிருந்து மீனவர்கள் வந்து வாடி என்னும் கரையோரக் குடில் அடித்துத் தங்கும் காலமும் இதுதான். கச்சான் ஓய்ந்து வாடைக்காற்று தலைகாட்டும்போது அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு மேற்குக் கரைக்குத் திரும்புவார்கள். பறவைகள் அந்த நேரத்தில்தான் கூட்டமாக வந்து இறங்கும். வடக்கிலிருந்து வருபவற்றுக்கு வாடை பின்காற்று. வாடிகள் கலையும் காலத்தை உங்கள் முதல் அடையாளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மாதக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ இப்படி வரும்.

ஓகஸ்ட் நடுப்பகுதியிலிருந்து செப்டெம்பர் வரை, நீரோரச் சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகளின் முதல் கூட்டம். இவற்றில் பெரும்பாலானவை முதிர்ந்த பறவைகள். உள்ளான் இனங்கள் பலவற்றில் பெற்றோர் முதலில் புறப்பட்டுவிடும். அந்த ஆண்டு பொரித்த குஞ்சுகள் சில வாரம் கழித்து, யாரும் வழிகாட்டாமல், முன்பின் பார்த்திராத இடத்துக்குத் தாமாகவே வந்து சேரும். இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு ஆச்சரியம் குறைவதில்லை.

செப்டெம்பர் கடைசியிலிருந்து ஒக்டோபர் முடியும்வரை தரைப்பறவைகளின் முறை: தகைவிலான், பழுப்புக் கீச்சான், வாலாட்டிகள், நீலவால் பஞ்சுருட்டான், ஆறுமணிக்குருவி. தும்பிகள் திரளும் காலமும் இதுவே.

நவம்பரும் டிசெம்பரும் அடைமழைக் காலம். பறவைகள் நிறையவே இருக்கும், ஆனால் சிதறிப் போயிருக்கும். ஜனவரி, பெப்ரவரியில் வாத்துகளைக் குளங்களில் பார்க்கலாம். மார்ச், ஏப்ரலில் களப்புகள் வற்றும். கரைப்பறவை பார்க்க ஆண்டிலேயே சிறந்த காலம் அதுதான் என்பது என் கருத்து.

மே முதல் ஜூலை வரை? பெரும்பாலும் வெறிச்சென்றிருக்கும். ஆனாலும் சில உப்புக்கொத்திகளும் உள்ளான்களும் கரையில் நிற்பதைக் காணலாம். அவை பெரும்பாலும் இனப்பெருக்க வயதை எட்டாத இளசுகள். முதல் கோடையை இங்கேயே கழித்துவிடும். வழி தெரியாமல் நின்றுபோனவை என்று அவற்றை நினைத்து வருந்த வேண்டியதில்லை.

படி 2: தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

வங்காளக் கரை போல இங்கே வற்று வெள்ளத்தை நம்ப முடியாது. நம் கடலின் ஏற்ற இறக்கம் ஒரு மீற்றருக்கும் குறைவு. கரைப்பறவைக்குத் தேவை அதன் கால் நிற்கும் ஆழமும், அலகு இறங்கும் சேறும். அந்த ஆழத்தை இங்கே அதிகம் தீர்மானிப்பது மழையும் வெள்ளாமையும்தான்.

சிறுபோக வெள்ளாமைக்குத் தண்ணீர் விட்டுவிட்டு ஓகஸ்ட், செப்டெம்பரில் குளங்கள் இறங்கிப்போய்க் கிடக்கும். கரையைச் சுற்றி அகலமான சேற்றுப் பட்டை தெரியும். முதலில் வரும் உள்ளான்களுக்கு அது போதும், அதனால் இந்த மாதங்களில் கந்தளாய் போன்ற குளக்கரைகளுக்குப் போங்கள்.

ஒக்டோபர், நவம்பரில் மழை பிடித்ததும் பெரும்போகத்துக்கு உழவு தொடங்கும். சேறடித்த வயலில் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும். மண்ணுக்குள் இருந்த புழு பூச்சி எல்லாம் மேலே வரும். பொறி உள்ளான், மஞ்சள் வாலாட்டி, மீசை ஆலா மூன்றையும் இந்த வயல்களில் பார்க்கலாம். உழவு இயந்திரத்துக்குப் பின்னால் ஓடும் வெள்ளைக் கொக்குகள் மட்டும் விருந்தாளிகள் அல்ல. அவை நம்மோடு வாழும் உண்ணிக்கொக்குகள்.

பயிர் உயர்ந்ததும் வயல் கரைப்பறவைகளுக்கு உதவாது. களப்புகளிலும் வெள்ளம் ஏறியிருக்கும். இந்த இடைவெளியில் களப்புக்குப் போய் “ஒன்றும் இல்லை” என்று திரும்புபவர்கள் பலர்.

பெப்ரவரியிலிருந்து நிலைமை மாறும். மழை நின்று வெயில் ஏறும். பல களப்புகளின் வாயை மணல் மூடிவிடும். தண்ணீர் நாளுக்கு நாள் சுருங்கச் சுருங்க, மாவட்டம் முழுக்கச் சிதறியிருந்த பறவைகள் மிச்சமிருக்கும் சேற்றுக்கு வந்து கூடும். அதே களப்புக்கு வாரம் ஒருமுறை போய்ப் பாருங்கள். தண்ணீர் விளிம்பு எங்கே நகர்ந்திருக்கிறதோ, பறவைகளும் அங்கே நகர்ந்திருக்கும்.

படி 3: இடத்தைத் தெரிவு செய்யுங்கள்

நகரிலிருந்து வடக்கே புல்மோட்டை வீதியில் போனால் நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி என்று களப்பும் உப்பளமும் கடலும் வீதியை விட்டு விலகாமல் கூடவே வரும். பேருந்தில் போகிறவர்களும் இறங்கி நடக்கலாம். உப்பளப் பாத்திகள் தனியார் இடங்கள் என்பதால் உள்ளே போக அனுமதி கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பாத்திகளில் நீரின் ஆழம் ஒன்றுக்கொன்று வேறுபடும். அதனால் சின்னப் பறவை, பெரிய பறவை எல்லாவற்றுக்கும் அங்கே இடமுண்டு. புல்மோட்டையைத் தாண்டினால் முல்லைத்தீவு எல்லையில் கொக்கிளாய்க் களப்பு வரும். 1951இல் பறவைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். ஒரு முழுநாளை ஒதுக்கக்கூடியவர்கள் அங்கே போகலாம்.

தெற்கே கிண்ணியாப் பாலம் இருக்கிறது. 2009இல் திறந்த 396 மீற்றர் நீளப் பாலம் அது. பாலத்தின் மேல் வாகனத்தை நிறுத்தாமல், அடிவாரத்தில் இறங்கி இரு பக்கமும் பாருங்கள். அங்கிருந்து மூதூர் வரைக்கும் உப்பாறு, கங்கை, இறால்குழி என்று ஒவ்வொரு பாலத்தடியிலும் கண்டலும் சேறும் உண்டு. விரால் அடிப்பானைத் தேடுகிறவர்கள் இந்த வழியில் மெதுவாகப் போகட்டும். மீனைக் காலில் நீளவாக்கில் பிடித்துக்கொண்டு பறக்கும் பருந்தைக் கண்டால் அது விரால் அடிப்பான்தான்.

மேற்கே தம்பலகாமத்து வயல்களும் கந்தளாய்க் குளமும். குளத்தில் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் கரையிலிருந்து தள்ளி நடுத்தண்ணீரில் மிதப்பதால் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

நகருக்குள்ளேயே இருப்பவர்கள் பிரட்ரிக் கோட்டைக்குள் கோவிலுக்குப் போகும் வழியில் நிற்கும் பெரிய மரங்களை ஒக்டோபர் காலையில் அண்ணாந்து பார்த்தபடி நடக்கலாம். புறாத்தீவுக்கு வலசை பார்க்க என்று போக வேண்டியதில்லை. அங்கே இருக்கும் மாடப்புறாக்கள் அங்கேயே குஞ்சு பொரிப்பவை. வாடைக்காலத்தில் கடல் கொந்தளிப்பதால் படகும் போகாது.

படி 4: கையில் என்ன வேண்டும்

எட்டு மடங்கு பெருக்கும் பைனாகுலர் ஒன்று போதும். 8×42 என்று எழுதியிருப்பது நல்லது. பத்து, பன்னிரண்டு மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் சேர்ந்து பெருகும். கமராவைவிட முதலில் இதை வாங்குங்கள். ஒரு கொப்பி, பேனை, தொப்பி, தண்ணீர். திசை பார்க்க போனில் உள்ள திசைகாட்டி போதும். உடுப்பு மங்கலான நிறமாக இருக்கட்டும். அவ்வளவுதான்.

காலை ஆறு முதல் ஒன்பது, மாலை நாலரை முதல் இருட்டும்வரை நல்ல நேரம். நடுப்பகலில் களப்பின் மேல் கானல் ஆடும். தூரத்துப் பறவையின் கால் நிறம்கூடத் தெரியாது. சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். இறக்கக்கண்டிப் பக்கம் காலையில் கடல்புறம் நின்று களப்பை நோக்குவதும், மாலையில் இடம் மாறுவதும் இதற்காகத்தான்.

படி 5: கரைப்பறவைகளை இனம் காணுங்கள்

புதிதாகப் பார்ப்பவர்கள் இந்த இடத்தில்தான் சோர்ந்துபோவார்கள். எல்லாமே மண்ணிறம், எல்லாமே ஓடுகின்றன, எல்லாம் ஒன்றுபோல இருக்கின்றன என்பார்கள். நிறத்தை விடுங்கள். நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

முதலாவது, உருவம். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஆள்காட்டியை அளவுகோலாக வையுங்கள். அதைவிடப் பெரிதா, சிறிதா, சிட்டுக்குருவி அளவா?

இரண்டாவது, அலகு. தலையின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். தலையைவிடக் குட்டையான தடித்த அலகு என்றால் உப்புக்கொத்தி வகை. தலையளவோ அதைவிட நீளமோ என்றால் உள்ளான் வகை. இரண்டு மடங்கு நீளமாக, நேராக இருந்தால் மூக்கன். நீண்டு கீழ்நோக்கி வளைந்திருந்தால் கோட்டான் வகை (ஆந்தையல்ல, ஒரு கரைப்பறவை).

மூன்றாவது, கால் நிறம். செம்மஞ்சள் சிவப்புக் காலும், பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் வெள்ளைப் பட்டையும் தெரிந்தால் செங்கால் உள்ளான். களப்பில் ஆள் வருவதை முதலில் சத்தம்போட்டுச் சொல்வது அதுதான். வெளிர்பச்சைக் காலும் சற்றே மேல்நோக்கிய அலகும் இருந்தால் பச்சைக்கால் உள்ளான்.

நான்காவதுதான் முக்கியம்: எப்படித் தின்கிறது? உப்புக்கொத்திக்குப் பெரிய கண். கண்ணால் இரை தேடும். அதனால் விறுவிறென்று ஐந்தாறு அடி ஓடும், சட்டென்று நிற்கும், தலையைச் சாய்த்துப் பார்க்கும், ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். கொசு உள்ளானோ நிற்காது. தையல் மெஷினின் ஊசி போலச் சேற்றை விடாமல் கொத்திக்கொண்டே நகரும். மூக்கன் முகம் வரைக்கும் அலகைச் சேற்றுக்குள் செலுத்தித் துழாவும். அலகின் நுனியில் உணர்வு நரம்புகள் இருப்பதால் அதற்குக் கண் தேவையில்லை. பாறையிலோ பாலத்தடிக் கல்லிலோ தனியாக நின்று பின்பக்கத்தை ஓயாமல் மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தால் அது நாட்டு உள்ளான். பெயரில் நாடு இருந்தாலும் அதுவும் வெளியிலிருந்து வருவதே. இந்த நடையைப் பழகிவிட்டால், நிறமே தெரியாத அந்தி வெளிச்சத்திலும் நூறு மீற்றர் தூரத்திலிருந்து பெயர் சொல்லலாம்.

ஏப்ரல் முதல் இரண்டு வாரத்தை விட்டுவிடாதீர்கள். மணல்நிறமாகத் திரிந்த சிறு மணல் உப்புக்கொத்தியின் மார்பில் செங்கல் நிறம் ஏறியிருக்கும். பொன்னிற உப்புக்கொத்தியின் வயிறு கறுப்பாகிக்கொண்டு வரும். பாதி மாறியதும் மாறாததும் ஒரே கூட்டத்தில் நிற்கும். புறப்படத் தயாராகும் உடம்பு அது. அந்த வாரங்களில் அவை ஓயாமல் தின்று கொழுப்பைச் சேர்க்கும். நீண்ட பயணத்துக்குமுன் சில சிறு பறவைகள் உடல் எடையை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கிக்கொள்ளும். அப்படி அவை மேயும் நேரத்தில் ஒரு நாய் கூட்டத்தைத் துரத்தினால், பறவைக்கு ஒருநாள் தீனி வீண்.

இவை எங்கே போகின்றன? எல்லாவற்றுக்கும் “சைபீரியா” என்று சொல்லிவிடுவது வழக்கம். அது பாதி உண்மைதான். பொன்னிற உப்புக்கொத்தி சைபீரியத் துந்திராவுக்குப் போகிறது. ஏறத்தாழ 25 கிராம் எடையுள்ள கொசு உள்ளானும் வடதுருவ ஓரத்துக்கே போகிறது. ஆனால் நம் மணல் உப்புக்கொத்தி திபெத் பீடபூமியிலும் மத்திய ஆசிய மலைகளிலும் குஞ்சு பொரிப்பது. கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் மீற்றர் உயரத்துக்கு ஏறிப் போகும். ஆறுமணிக்குருவி இமயமலை அடிவாரம் வரைக்கும்தான்.

இலங்கைக்குள் பறவைகள் வர மேற்கு வழி, கிழக்கு வழி, அந்தமான் வழி என்று மூன்று வழிகள் இருப்பதாகப் பறவையியலாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். இந்தியாவின் கிழக்குக் கரையைப் பிடித்துவரும் வழி நமக்கு நெருங்கியது. இப்போது செயற்கைக்கோள் கருவிகள் வந்தபின் ஊகம் குறைந்திருக்கிறது. மன்னாரில் கருவி பூட்டி மேகா, மன்னா என்று பெயரிட்டு விட்ட இரண்டு கடற்காகங்கள் ரஷ்யாவின் வடதுருவக் கரைவரை போனதைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வரைபடத்தில் பின்தொடர்ந்தார்கள். 2022இல் அலாஸ்காவிலிருந்து புறப்பட்ட ஓர் இளம் பட்டைவால் மூக்கன் எங்கும் இறங்காமல் 11 நாளில் 13,560 கிலோமீற்றர் பறந்து தஸ்மேனியாவில் இறங்கியது. அதன் நெருங்கிய உறவான கருவால் மூக்கன்தான் நம் பக்கம் வருவது.

ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். கூழைக்கடாவையும் சங்குவளை நாரையையும் கண்டால் பத்திரிகைகளில்கூட “வெளிநாட்டுப் பறவைகள் வருகை” என்று எழுதுகிறார்கள். இரண்டும் இந்த மண்ணில் கூடுகட்டிக் குஞ்சு பொரிப்பவை. தண்ணீரைத் தேடி குளத்துக்குக் குளம் மாறுகின்றன, அவ்வளவுதான்.

படி 6: வளவுக்குள் வருபவற்றைக் கவனியுங்கள்

களப்புக்குப் போக முடியாதவர்கள் வருந்த வேண்டாம். ஒக்டோபரில் வேலித் தூணில் ஒரு பழுப்புக் குருவி, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டையோடு உட்கார்ந்து கரகரவென்று கத்தினால் அது பழுப்புக் கீச்சான். ஒவ்வொரு கீச்சானும் தனக்கென்று ஒரு பரப்பை வைத்துக்கொண்டு மற்றதை விரட்டும். அடுத்த ஆண்டும் அதே வேலிக்குத் திரும்பி வருவதுண்டு. எந்தத் தூணில், எந்தத் திகதியில் முதலில் கண்டீர்கள் என்று எழுதி வையுங்கள்.

ஆறுமணிக்குருவியைக் காண்பதைவிடக் கேட்பது எளிது. விடியப்புறமும் மாலையும் ஆறு மணியை ஒட்டி இரண்டு சீழ்க்கை கொடுக்கும். நிழலான வளவில், காய்ந்த இலைச் சருகைக் கிளறிப் புழு தேடும். பச்சை, நீலம், மஞ்சள், வயிற்றடியில் சிவப்பு என்று பல நிறங்கள் உண்டு, வாலோ மிகக் குட்டை. இரவில் பறந்து வருவதால் களைத்துப்போய் வீட்டுச் சுவரிலோ கண்ணாடியிலோ அடிபட்டு விழும். அப்படி விழுந்திருந்தால் காகமும் பூனையும் நெருங்குமுன் ஒரு துணியால் மெதுவாகப் பொத்தி எடுங்கள். காற்றுத் துளையிட்ட சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்து மூடி, சத்தமில்லாத இருட்டு அறையில் ஓரிரு மணிநேரம் விடுங்கள். வாய்க்குள் தண்ணீர் ஊற்றக் கூடாது. சோறும் வேண்டாம். தெளிந்ததும் மரநிழலில் பெட்டியைத் திறந்துவிட்டு விலகி நில்லுங்கள். இறக்கை தொங்கினால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். கூண்டில் வைத்து வளர்க்க ஒருபோதும் நினைக்காதீர்கள்.

வயல் ஓரத்துக் கறன்ட் கம்பியில் நீலவால் பஞ்சுருட்டான்கள் வரிசையாக இருக்கும்போது கொஞ்சம் நின்று பாருங்கள். ஒன்று எழும்பும், வளைந்து போய்க் காற்றிலேயே ஒரு தும்பியைப் பிடிக்கும், அதே இடத்துக்குத் திரும்பும். இரையைக் கம்பியில் இரண்டு பக்கமும் மாறி மாறி அடிக்கும். செட்டை உதிர்ந்து கீழே விழும். பிறகு அலகை உயர்த்தி ஒரே விழுங்கு. கம்பிக்குக் கீழே தரையைப் பார்த்தால் கண்ணாடித்தாள் போன்ற செட்டைகள் கிடக்கும். அந்தத் தும்பியும் பெரும்பாலும் ஒரு வலசைக்காரன்தான்.

படி 7: தும்பிக் கூட்டத்தைப் படியுங்கள்

“தட்டான் தாழப் பறந்தால் தப்பாது மழை” என்று நம் முன்னோர் சொன்னதில் நல்ல கவனிப்பு இருக்கிறது. ஒக்டோபரில், மழை இறங்கப் பார்க்கும் புழுக்கமான மாலையில், விளையாட்டு மைதானத்தின் மேலும் வயல்வெளி மேலும் நூற்றுக்கணக்கில் சுற்றும் மஞ்சள் பழுப்புத் தும்பியின் அறிவியல் பெயர் பண்டாலா ஃபிளாவெசென்ஸ். உடல் ஏறத்தாழ நாலரை சென்ரிமீற்றர். பின்செட்டையின் அடிப்பகுதி அகலமாக இருப்பதால் அடிக்கடி அடிக்காமல் காற்றில் மிதக்கும். மற்றத் தும்பிகள் பல குச்சி நுனியில் கிடையாக உட்காரும். இது உட்காருவதே அபூர்வம், உட்கார்ந்தால் கிளையில் தொங்கும். இனம் காண இது நல்ல அடையாளம்.

தாழப் பறப்பது அங்கே கொசுவும் ஈசலும் இருப்பதால். மழையோடு அலைவது முட்டைக்காக. இதன் குஞ்சுகளுக்கு மழைத் தண்ணீர்க் குட்டை போதும். மீன் இல்லாத, சில வாரத்தில் வற்றிவிடும் குட்டையைத்தான் தேடும். தண்ணீருக்குள் ஏறத்தாழ ஆறு வாரத்தில் வளர்ந்து செட்டை முளைத்து வெளியேறிவிடும். குட்டை வற்றும்போது அது அங்கே இருக்காது. மழை எங்கேயோ அங்கே போயாக வேண்டிய பிழைப்பு என்பதால்தான் அது கடலையும் கடக்கிறது.

மாலைதீவில் வாழ்ந்த கடல் உயிரியலாளர் சார்ள்ஸ் அன்டர்சன் 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நன்னீர்க் குட்டையே அரிதான அந்தத் தீவுகளில் ஆண்டுதோறும் ஒக்டோபரில் இத்தும்பிகள் திரளாக வந்து இறங்கி, சில நாளில் காணாமல் போவதை அவர் பல ஆண்டுகள் பதிந்து வைத்திருந்தார். ஆயிரம் மீற்றருக்கு மேல் வீசும் வடகிழக்குக் காற்றில் ஏறி இந்தியாவிலிருந்து மாலைதீவு, சீஷெல்ஸ் வழியாகக் கிழக்கு ஆபிரிக்காவுக்குப் போகின்றன, அங்கே மழைக் குட்டைகளில் பெருகி, அவற்றின் சந்ததி தென்மேற்குக் காற்றில் திரும்புகிறது என்பது அவருடைய விளக்கம். மொத்தச் சுற்று 14,000 முதல் 18,000 கிலோமீற்றர், நான்கு தலைமுறை. புறப்பட்டது திரும்பாது, அதன் வழித்தோன்றல்கள்தான் திரும்பும்.

நம் மைதானத்தில் சுற்றும் எல்லாத் தும்பியும் ஆபிரிக்கா போகிறது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. பல இங்கேயே முட்டையிடும். நீங்கள் செய்யக்கூடியது இதுதான்: மழை பெய்த மறுநாள், மைதானத்துப் பள்ளத்தில் தேங்கிய தண்ணீர் அருகே நில்லுங்கள். ஆணும் பெண்ணும் கோர்த்தபடி வந்து வாலால் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு எழும். பளபளக்கும் காரின் மேல்தகட்டையும் தண்ணீர் என்று எண்ணித் தொடும். ஈரமண்ணில் நிற்கும் அந்தக் குட்டையை வாரம் ஒருமுறை பாருங்கள். ஐந்தாறு வாரம் கழித்துப் புல்நுனியில் உலர்ந்த, முதுகு பிளந்த தோல் ஒட்டியிருந்தால் வெளியேறிவிட்டது என்று பொருள்.

படி 8: வண்ணத்துப்பூச்சி ஊர்வலத்தை எண்ணுங்கள்

பூவுக்குப் பூ அலையும் வண்ணத்துப்பூச்சிக்கும் வலசை போவதற்கும் வித்தியாசம் ஒரு பார்வையில் தெரியும். வலசை போவது நேராகப் போகும். எல்லாம் ஒரே திசையில், பல நேரம் ஆள் உயரத்தில் போகும். எதிரே மதில் வந்தால் பக்கமாக விலகாது, ஏறிக் கடந்து அதே கோட்டுக்கு இறங்கும். வாடை தொடங்கும் ஒக்டோபர், நவம்பரிலும், பிறகு மார்ச், ஏப்ரலிலும் வெயில் நன்றாக ஏறிய காலையில் பாருங்கள்.

இலங்கையில் அதிகம் இடம்பெயர்வது வெளிர்மஞ்சள் நிறக் கொன்றை வெள்ளையன்களும், கறுப்பில் வெளிர்நீலக் கோடுகள் உள்ள நீல வரியன்களும், வெண்புள்ளிக் கருப்பன்களும். எல்லாமே சிவனொளிபாதமலைக்குத்தான் போகின்றன என்பது நெடுநாளைய நம்பிக்கை. அந்த நம்பிக்கைக்காகத் திசையை முன்கூட்டியே எழுதி வைக்காமல், கண்டதை எழுதுங்கள். வழி இதுதான்: வீதியில் இரண்டு மின்கம்பங்களைத் தெரிவு செய்யுங்கள். அவற்றுக்கு இடையிலான கோட்டைக் கால் மணிநேரத்தில் எத்தனை கடக்கின்றன என்று எண்ணுங்கள். எதிர்த் திசையில் போவதைத் தனியாக எண்ணுங்கள். திசை, காற்று, மேகம், நேரம் நான்கையும் குறியுங்கள். இதை மாணவர்களை வைத்தும் செய்யலாம். ஒரு பாடசாலை ஐந்து ஆண்டு தொடர்ந்து செய்தால் அது மதிப்புள்ள பதிவாகிவிடும்.

ஓய்வெடுக்கும் கூட்டத்தை நெருங்கிப் பார்க்க, தண்ணீர் இறங்கிய குளக்கரையில் முளைக்கும் தேட்கொடுக்கைத் தேடுங்கள். தேளின் வால்போல் சுருண்ட பூங்கொத்தோடு நிற்கும் செடி. அதன் ஒடிந்து காய்ந்த தண்டில் நீல வரியன்களும் வெண்புள்ளிக் கருப்பன்களும் மொய்க்கும். பெரும்பாலும் ஆண்கள். உறிஞ்சுகுழலை நீட்டித் தண்டை நனைத்து, அதிலுள்ள அல்கலோயிட் என்னும் காரப்பொருளை எடுக்கும். பெண்ணைக் கவரும் மணமும், பறவையிடமிருந்து காக்கும் கசப்பும் அதிலிருந்துதான் வருகின்றன. அந்த நேரத்தில் ஓர் அடி தூரத்தில் உட்கார்ந்து பார்த்தாலும் எழும்பாது.

படி 9: பறவைக்கும் உங்களுக்கும் ஆபத்து வராமல்

கூட்டம் தலையை நிமிர்த்தி உங்களைப் பார்க்கத் தொடங்கினால், அதற்கு மேல் ஓர் அடியும் வைக்காதீர்கள். படத்துக்காகக் கல்லெறிந்து பறக்கவிடுவதும், களப்பின் மேல் ட்ரோன் விடுவதும் செய்யவே கூடாதவை. வலசைப் பறவைகளை வேட்டையாடுவதும் பிடிப்பதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

கடற்படை, விமானப்படை முகாம்கள் நிறைந்த ஊர் இது. சீனன்குடாப் பக்கமும் துறைமுகப் பக்கமும் முகாமை நோக்கி பைனாகுலரைத் தூக்காதீர்கள். யாராவது கேட்டால் கொப்பியைத் திறந்து காட்டுங்கள். கந்தளாய், குச்சவெளிக் காட்டோர வீதிகளில் இருட்டுமுன் திரும்பிவிடுங்கள், யானை வரும். களப்பு, குள விளிம்புகளில் முதலை இருக்கலாம், தண்ணீருக்குள் இறங்காதீர்கள். கடைசியாக, உச்சி வெயிலில் சேற்றின் மேல் காய்ந்த படலத்தை நம்பிக் கால் வைத்தால் முழங்கால்வரை இறங்கும்.

படி 10: எழுதுங்கள், அனுப்புங்கள்

திகதி, நேரம், இடம், காற்றின் திசை, தண்ணீர் மட்டம், இனம், எண்ணிக்கை. பெரிய கூட்டமென்றால் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து, மிச்சத்தை அதனால் அளந்துகொள்ளுங்கள். ஒன்றும் இல்லாத நாளையும் எழுதுங்கள். தண்ணீர் ஏறியிருந்த களப்பு வெறுமையாக இருந்தது என்பதும் பயனுள்ள தகவல்தான்.

பறவைப் பதிவுகளை ஈபேர்ட் செயலியில் இலவசமாக ஏற்றலாம். தும்பிக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் ஐநேச்சுரலிஸ்ட் பொருத்தம், படம் போட்டால் இனம் சொல்ல உலகெங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். இலங்கையில் அதை ஒருங்கிணைப்பது, கொழும்புப் பல்கலைக்கழகத்தில் 1976 முதல் இயங்கும் களப் பறவையியல் குழு. கிழக்கில் தமிழ் தெரிந்த தன்னார்வலர் எவ்வளவு பேர் சேர்ந்தாலும் நல்லது. உலக வலசைப் பறவைகள் நாள் மே, ஒக்டோபர் இரண்டாம் சனிக்கிழமைகளில் வருகிறது. மே மாதத்தில் நம் விருந்தாளிகள் போய்விட்டிருப்பார்கள். பாடசாலை நிகழ்ச்சி வைப்பவர்கள் ஒக்டோபரைத் தெரிவு செய்யுங்கள்.

பறவையின் காலில் வளையமோ நிறக்கொடியோ தெரிந்தால் படமெடுங்கள். எந்தக் கால், முழங்காலுக்கு மேலா கீழா, என்ன நிறம், என்ன எழுத்து, எத்தனை இலக்கம் என்று இடத்திலேயே எழுதுங்கள். வீட்டுக்கு வந்தபின் இடது வலது குழம்பிவிடும். உயிருள்ள பறவையிலிருந்து வளையத்தைக் கழற்றக் கூடாது. இறந்து கிடந்த பறவை என்றால் வளையத்தைத் தட்டையாக்கி இலக்கத்தைப் படமெடுத்து, கண்ட இடத்தையும் நாளையும் சேர்த்து களப் பறவையியல் குழுவுக்கோ, வளையத்தில் பொறித்திருக்கும் நிறுவனத்துக்கோ அனுப்புங்கள். அது எந்த நாட்டில், எந்த நாளில் வளையம் பூண்டது என்று அவர்கள் பதிவேட்டைப் பார்த்துப் பதில் தருவார்கள்.